கடைசியாக வந்தவருக்கு முதல் வெட்டு

ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் வீட்டுக்காரர் ஜேம்ஸ், சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கறிப்பையை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை கொஞ்சம் மந்தம். நாக்கு அதைவிட மந்தம்.

“எங்க?” என்றேன்.

“சவ...” என்றார். மேலே வரவில்லை.

“சவரி கடைக்கா? இப்பவா? இப்ப போனா மத்தியானம் வரைக்கும் உக்காந்திருக்கணும். சட்டம் மறந்துபோச்சா உங்களுக்கு?”

அவர் வாயைத் திறந்தார். “அது... அது வந்து...”

“மறந்துட்டீங்க. அதானே?”

வாயை மூடிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். படியிறங்கிப் போயே போய்விட்டார்.

நான் வாசலிலேயே நின்றேன். கோபம் ஒரு பக்கம், அதைவிடப் பயம் ஒரு பக்கம். பேச்சுதான் அடிபட்டிருக்கிறது, புத்தி அப்படியேதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். பெங்களூர் ஜீவனஹள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த சவரியண்ணன் கடைச் சட்டத்தையே இந்த மனுஷன் மறந்துவிட்டார் என்றால், உள்ளே இன்னும் என்னென்ன போயிருக்கிறதோ?

அந்தச் சட்டம் என்னவென்று சொல்லாமல் இந்தக் கதை நகராது.

கோர்ட்டும் கறியும்

சவரியண்ணன் கடை எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சந்துக்குள் இருக்கிறது. பன்றிக்கறிக் கடை. வார நாட்களில் ஈ ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பார்க்க வேண்டும். நல்ல சேலை, நல்ல சட்டை, பவுடர் வாசனை எல்லாம் அப்படியே கோயிலிலிருந்து கறிக்கடைக்கு இடம் மாறும். நம் சனம் மட்டுமில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கேரளத்து நர்சுகள், குடகு மடிகேரிக்காரர்கள், பக்கத்து மாடிகளில் வாடகைக்கு இருக்கும் மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள்.

முதலில் வந்தவருக்கு முதலில் என்றுதான் அந்தக் காலத்தில் நடந்தது. அதனால் என்ன ஆயிற்று? ஆளாளுக்கு முன்னால் வர ஆரம்பித்தார்கள். ஷட்டரைத் திறக்கும் முன்பே படியில் கூட்டம். பூசைக்குப் போகிறவர்கள் செருப்பையும் செங்கல்லையும் வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்தால் செருப்பு இருக்கும், இடம் இருக்காது. அரை மணிக்கு முன்னால்தான் பூசையில் கைகூப்பி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்ட இரண்டு பெண்கள் கறிக்கடை வாசலில் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்ததை நானே பார்த்தேன். விலக்கப் போனதில் என் கண்ணாடி உடைந்தது.

சவரியண்ணன் பொறுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிறு, கத்தியைக் கட்டையில் ஓங்கிக் குத்தி நிறுத்திவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து யார் கடைசியாக வருகிறாரோ அவருக்குத்தான் முதலில் வெட்டுவேன் என்று சொல்லிவிட்டார். முதலில் வந்தவர் எல்லாருக்கும் கடைசி.

இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். நானும்தான் கேட்டேன். எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டேன்.

“நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போங்கக்கா. கறி வேணும்னா லேட்டா வாங்க.”

அடுத்த ஞாயிறு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! கடை வாசலில் ஒரு ஈ, காக்கை இல்லை. ஆனால் சந்து முழுக்க ஆள். டீக்கடையில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு நாலு பேர். நின்ற ஆட்டோவுக்குள் இரண்டு பேர். யாரோடும் பேசாமல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ‘ம், ம்’ என்று ஒருவர். எல்லார் கையிலும் பை, எல்லார் கண்ணும் கடைமேல். யாராவது ஒருவர் பொறுமையிழந்து படியேறினால் போதும், அவருக்குப் பின்னால் இன்னொருவர் ஓடி வருவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

இரண்டு மூன்று வாரம் இப்படி ஒளிந்து விளையாடிவிட்டு ஜனங்கள் களைத்துப்போனார்கள். சீக்கிரம் போய் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தபின் யார் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்? அவரவர் வேலையைப் பார்த்துவிட்டு, துணி துவைத்துவிட்டு, இஷ்டப்பட்ட நேரத்துக்கு வந்தார்கள். கூட்டம் தானாகப் பிரிந்தது. எப்போது போனாலும் கடையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். சவரியண்ணன் என்னவோ கோபத்தில்தான் சொன்னார். அது பலித்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? என் சிநேகிதி பிலோமினாவின் வீடு கடைக்கு நேர் எதிரே, மாடியில். அவள் பால்கனியில் நின்று சந்தின் இரண்டு முனையையும் பார்ப்பேன். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் விறுவிறுவென்று இறங்கிப் போய் நிற்பேன். எனக்குத்தான் முதல் வெட்டு. இதில் என்னை ஜெயிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

நின்றுபோன கடிகாரம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு பிரேசர் டவுனிலிருந்து ஒரு வாசகி ஃபோன் செய்தார். கரன்ட் பில் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்து ஆயுசைக் கழித்த உங்களுக்குக் கியூ என்றால் அலுக்கவே இல்லையா என்று கேட்டார். அலுக்குமா? கியூவின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தவள் நான். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். எனக்கு எல்லார் முகமும் தெரியும்.

எங்கள் ஹாலில் என் தலைக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், முறைப்பார்கள். ஒரு நாள் அது நின்றுபோனது. அன்றிலிருந்து ஹாலில் சண்டை குறைந்துவிட்டது. கியூ அதே நீளம்தான், என் கையும் அதே வேகம்தான். பக்கத்தில் நிற்பவரிடம் பிள்ளைக்கு எந்த ஸ்கூல், எந்த ஊர் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரோ மேலே எழுதிப்போட்டு, கடிகாரத்துக்கு உயிர் வந்தது. மறுநாளே ஒருவர் என் கவுன்ட்டர் கம்பியைப் பிடித்து ஆட்டினார். எங்கள் சூப்பரின்டென்டென்ட் ஹனுமந்தப்பா சார் அதைப் பார்த்தார். சாப்பாட்டு வேளையில் ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்திலிருந்து செல்லை உருவித் தன் டிரான்சிஸ்டரில் போட்டுக்கொண்டார். அவர் ரிட்டயர் ஆகும்வரை எங்கள் ஹாலில் எப்போதும் பத்தேகால்தான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், தலைகீழான வைத்தியம் எனக்குப் புதிதில்லை. அப்படியிருந்தும் என் வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை.

காரா பன்னும் தில்பசந்தும்

ஜேம்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு டயர் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். ஆனால் இந்தப் பக்கத்தில் அவரைத் தெரிந்தது அதற்காக இல்லை. நம் கல்யாண ரிசப்ஷன்களில் மணமக்களுக்கு டோஸ்ட் சொல்ல ஒருவரைக் கூப்பிடுவார்கள் இல்லையா, கையில் கிளாஸைத் தூக்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேச? அதற்கு இவர்தான். இரண்டு வார்த்தை இருபது நிமிஷம் ஆகும். மாப்பிள்ளையின் அப்பாவைச் சிரிக்க வைத்து, பெண்ணின் அம்மாவை அழ வைத்து, பிரியாணி ஆறுவதற்குள் முடித்துவிடுவார். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் கிண்டல் செய்து, இங்கிலீஷில் கிளாஸைத் தூக்குவார். அந்தப் பேச்சில் விழுந்தவள்தான் நானும்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் காலையில் காபி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அது வார்த்தையாக இல்லை.

உயிர் தப்பியது. நடை வந்தது. பேச்சு மட்டும் ஒன்றொன்றாக, இடைவெளி விட்டு வந்தது. கொழுப்பே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொழுப்பில்லாத கறிதான். எனக்குத் தோலோடு இருக்கும் துண்டென்றால் உயிர். ஆனால் அவர் வெறும் சக்கையைச் சப்பிக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து நான் அதைத் தின்றால் எனக்கு இறங்குமா? ஒரே சட்டி, ஒரே குழம்பு என்று வைத்துக்கொண்டேன். அதை நான் அவரிடம் சொல்லவும் இல்லை.

பவித்ரா என்று ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். கன்னடப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவாள். அவருக்குச் சொன்னதைவிட எனக்குத்தான் அதிகம் சொன்னாள்.

“ஆன்ட்டி, அவரு ஆரம்பிச்சத நீங்க முடிக்காதீங்க. வெயிட் பண்ணுங்க. வெளியாளுங்ககிட்டயும் அவரு பேசணும். பேசாமலே இருந்தா இப்ப வந்திருக்கறதும் போயிடும்.”

சரி, சரி என்று தலையாட்டினேன். வாழ்நாளெல்லாம் ‘அடுத்தது, அடுத்தது’ என்று ஆளைத் தள்ளிவிட்டவள் நான். ஒருத்தர் ‘த’ என்று ஆரம்பித்தால் நான் தண்ணீரோடு நிற்பேன். என்னால் முடியவில்லை.

அப்போதுதான் அந்த பேக்கரி விஷயம் நடந்தது. சனிக்கிழமை சாயந்திரம், பஃப்ஸ் சூடாக வரும் நேரம். தானே போய் எனக்குக் காரா பன் வாங்கி வருவதாகச் சைகை காட்டிவிட்டுப் போனார். கடையில் இவர் முறை வந்ததும் ‘கா’வுக்கு மேல் வரவில்லை. கவுன்ட்டர்காரர் கேக்கா, பிஸ்கட்டா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியிருக்கிறார். பின்னால் கியூ முனகியிருக்கிறது. அங்கிள், கொஞ்சம் சைடில் நின்று யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஒரு பையன் மரியாதையாகவே சொல்லியிருக்கிறான். கடைசியில் கவுன்ட்டர்காரர் தொட்ட ஏதோ ஒன்றுக்கு இவர் தலையை ஆட்டிவிட்டார். எங்கள் வீட்டில் யாருமே தொடாத, தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தோடு வந்து நின்றார். இவ்வளவும் அங்கே நின்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதோடு வெளியே வாயைத் திறப்பதை விட்டார். பூசையில் பதில் ஜெபம்கூட உதட்டளவில்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் மேஜைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார். வீட்டிலும் குறைந்துகொண்டே வந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்று, “நாளைக்கு... கறி... உனக்கு...” என்பார்.

“தெரியும், தெரியும். கொழுப்பில்லாம. டாக்டர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு” என்பேன் நான்.

போய்விடுவார். பவித்ரா சொன்னது நடந்துவிடுமோ என்று நான் தனியாக இருக்கும்போதெல்லாம் பயந்தேன். அந்தக் குரலை இன்னொரு தடவை முழுசாகக் கேட்காமலே போய்விடுவேனோ என்று இருந்தது.

பிலோவின் பால்கனி

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிறு அவர் கறிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் திரும்பி வந்தபோது பையில் கொழுப்பில்லாத அரை கிலோ இருந்தது. சவரியண்ணனுக்கு எங்கள் வழக்கம் தெரியும், அவரே வெட்டிக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் முதல் பூசை முடிந்த கையோடு போனார். அதற்கடுத்த ஞாயிறும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சட்டத்தை எடுத்துச் சொன்னேன், கத்தினேன், பையை ஒளித்து வைத்தேன். வேறு பையை எடுத்துக்கொண்டு போனார். பவித்ராவிடம் அழாத குறையாகச் சொன்னேன். போகட்டும் விடுங்கள் ஆன்ட்டி என்றாள்.

பிறகு ஒரு ஞாயிறு பிலோ ஃபோன் செய்தாள். இடியாப்ப அச்சைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் உடனே வா, வாயைத் திறக்காமல் வா என்றாள். என்னவோ ஏதோ என்று ஓடினேன். மாடியேறியதும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் பால்கனியில் காயப்போட்ட பெட்ஷீட்டுக்குப் பின்னால் நிறுத்தினாள். சந்து அவ்வளவு குறுகல். கீழே தும்மினால் மேலே கேட்கும்.

கடையில் மூன்று பேர். வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் ஜேம்ஸ். ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், இன்னொருவர் வந்தார். வந்தவருக்கு முதலில் வெட்டு. ஜேம்ஸ் நகரவில்லை. ஒவ்வொருவராக எல்லாரும் போய், சந்தே வெறிச்சோடியது. சவரியண்ணன் கட்டையில் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் வாசனை மேலே வந்தது.

அப்போதுதான் ஜேம்ஸ் எழுந்தார். கவுன்ட்டருக்குப் போய் நின்றார். “அ...” என்று ஆரம்பிக்கும்போது ஒரு நர்சுப் பெண் அவசரமாகப் படியேறினாள். நான் பல்லைக் கடித்தேன். ஜேம்ஸ் சிரித்தபடி ஒதுங்கி, நீ போம்மா என்று கையைக் காட்டினார். சட்டப்படி அவளுக்குத்தானே முதலில்? அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் ஒன்றையும் மறக்கவில்லை. சட்டத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். சவரியண்ணன் கடையில் எல்லாருக்கும் முதலில் வந்தவருக்குப் பின்னால் யாருமே நிற்க முடியாது. யார் வந்தாலும் அவருக்கு முன்னால் போய்விடுவார்கள். முறை வரும்போது முனகுவதற்கு ஆளில்லை, சைடில் நில்லுங்கள் என்று சொல்ல ஆளில்லை. இந்த ஊரிலேயே அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். அதற்காகத்தான் மனுஷன் காலையிலிருந்து வெறும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

சவரியண்ணன் ஊகித்துக் கொடுப்பவரும் இல்லை; அதை மறந்தது நான்தான். ஒரு காலத்தில் வழக்கமான ஆளென்று கேட்காமல் வெட்டிவிட்டு, அந்த ஆள் வேண்டாம் என்று போய்விட, பெரிய தகராறு ஆனது. வெட்டிய கறியை ஒட்ட முடியுமா? அதிலிருந்து எவ்வளவு, எந்தப் பாகம் என்று வாங்குகிறவர் வாயால் சொல்லாமல் கத்தியை எடுக்கமாட்டார். ஜனாதிபதியே வந்தாலும் அப்படித்தான்.

“அரை... கிலோ” என்றார் ஜேம்ஸ். “கொழு... கொழுப்பு... இல்லாம.”

சவரியண்ணன் வெட்டினார். எடை போட்டார். வாழையிலைத் துண்டில் வைத்துப் பேப்பரில் சுற்றினார். முடிந்தது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன்.

“அப்புறம்...” என்றார் ஜேம்ஸ்.

சவரியண்ணன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, “போன வாரமும் இந்த ‘அப்புறம்’லதான் நின்னுச்சு. அதுக்கு முந்தின வாரமும். இன்னிக்கி சொல்லிட்டுத்தான் போவணும் நீங்க” என்றார்.

ஜேம்ஸின் கழுத்து நரம்பு புடைப்பது மேலேயிருந்து தெரிந்தது. கல்யாண மண்டபத்தையே கட்டிப்போட்ட தொண்டை ஒரு வார்த்தைக்காக முட்டிக்கொண்டிருந்தது. என்ன வேண்டும், ஈரலா, எலும்பா? எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றன. கத்தியே இருப்பேன். பிலோ தன் கையால் என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் இஞ்சிப்பூண்டு வாசனை.

“கால்... கிலோ” என்றார். “தோ... தோலோட. தனியா. அவளுக்கு.”

“ரீட்டாக்காவுக்கா? அவங்க அத விட்டுட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்?”

“விடல.” நீண்ட இடைவெளி. “என்னால... அவ... சாப்புடறதில்ல.”

படுத்து எழுந்தபின் அவர் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சமையலறை வாசலில் வந்து நின்று சொல்ல வந்தது இதைத்தான். ‘தெரியும், தெரியும்’ என்று நான் முடித்துவைத்தது வேறு எதையோ. பெட்ஷீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது பிலோவின் நல்ல பெட்ஷீட்.

பின்பக்கத் தெரு வழியாக நான் அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அரிசியைக் களைய ஆரம்பித்தேன். அவர் வந்தார். அடுப்பு மேடையில் பையை வைத்து, இடது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிறகு இரண்டாவது பொட்டலத்தை எடுத்து, அதை என் பக்கமாக நகர்த்தினார்.

“இது...” என்றார்.

முடிவு எனக்குத் தெரியும். என் காதால் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அரிசித் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. தெருவில் கீரைக்காரர் வந்து, கூவி, போயும் விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

“இது... உனக்கு” என்றார். நான் தலையை ஆட்டப் போனேன். அவர் விரலைத் தூக்கினார். இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கல்யாணங்களில் ஜனங்கள் முன்கூட்டியே கை தட்டினால் இப்படித்தான் விரலைத் தூக்குவார்.

“திட்... டாம... சாப்புடு.”

இதை நான் ஊகிக்கவில்லை. என்ன யோசித்திருந்தாலும் எனக்கு இது வந்திருக்காது. ஈரக் கையோடு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை. பிறகு பரணிலிருந்து சின்னச் சட்டியை இறக்கிக் கழுவி, பெரிய சட்டிக்குப் பக்கத்தில் அடுப்பில் வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்புறம்...” என்று ஆரம்பித்தார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.